ஆகாயப் புறம்போக்கு

தோழர்களே,

நான்கு எண்களை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: 83, 69, 51, 36.

அமெரிக்காவில் ஆன்டெனா மூலம் வருகிற தொலைக்காட்சிக்கென்று ஒதுக்கி வைத்த அலைவரிசைகளின் கடைசி எண் இப்படித்தான் இறங்கி வந்திருக்கிறது. 1952இல் 2 முதல் 83 வரை என்று ஏற்பாடு. 70க்கு மேலே இருந்ததை 1970களில் தொடங்கி 1983க்குள் கைப்பேசிக்கும் வாகன வானொலிக்கும் கொடுத்தார்கள். 52 முதல் 69 வரை இருந்தது, 2009 ஜூன் 12 அன்று முழுச் சக்தி நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறியதோடு போயிற்று. 38 முதல் 51 வரை இருந்தது 2017இல் ஏலத்தில் போயிற்று. 37ஆம் எண் வானியல் ஆய்வுக்கென்று விடப்பட்டது. அதில் தொலைக்காட்சி கிடையாது. ஆக மிச்சம் 2 முதல் 36 வரை. 82 வரிசை இருந்த இடத்தில் இப்போது 35 வரிசை. பாதிக்கு மேல் கைமாறிவிட்டது.

இதைத் தலையங்கமாக எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர், “நம்ம ஊர்ல எவ்வளவோ பிரச்சினை கெடக்கு, அமெரிக்காக்காரன் டிவியப் பத்தி நமக்கென்ன?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் இது: பொதுச் சொத்து ஒன்றின் விலை ஏறும்போது, அதன் ஓரத்தில் குடியிருப்பவனைத்தான் முதலில் எழுப்புகிறார்கள். எழுப்பும்போது அவனைக் கேட்பதில்லை. நிலத்தில் இது நடப்பதைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. காற்றில் நடப்பதைப் பார்க்க இன்னும் கண் பழகவில்லை. அமெரிக்காவில் அது முழுசாக நடந்து முடிந்து, கணக்கு வழக்கெல்லாம் பொதுவில் கிடக்கிறது. அதைப் படித்தால் இங்கே நடப்பதும் புரியும்.

அலைக்கற்றை என்பதைப் பெரிய விஞ்ஞானமாக்கிப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஒரு தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்ப அமெரிக்கக் கணக்குப்படி 6 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஒரே ஊரில் ஒரே அகலத்தை இரண்டு பேர் உபயோகித்தால் இரண்டுமே கெட்டுப்போகும். ஆகவே இந்த அகலம் உனக்கு, அந்த அகலம் அவனுக்கு என்று அரசு பிரித்துக்கொடுக்கிறது. பட்டா நிலம் மாதிரி விற்றுக்கொடுப்பது இல்லை. சில வருஷத்துக்கு உரிமம், பொதுநலனுக்காக நடத்தவேண்டும் என்ற நிபந்தனையோடு. சொத்து மக்களுடையது, அனுபவிப்பது உரிமக்காரர். சட்டத்தின் எழுத்து அவ்வளவுதான்.

இதில் 600, 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் அலைகளுக்கு ஒரு குணம் உண்டு. வெகுதூரம் போகும், சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வரும். குறைந்த கோபுரங்களை நட்டுப் பெரிய பரப்பை மூடிவிடலாம். கைப்பேசிக் கம்பெனிகளுக்கு இது நெடுஞ்சாலையை ஒட்டின மனை மாதிரி. அந்த மனையில் தொலைக்காட்சி நிலையங்கள் குடியிருந்தன.

எந்தத் தொலைக்காட்சி நிலையங்கள்? இங்கேதான் நாம் நின்று பார்க்கவேண்டும். 2 முதல் 13 வரை பழைய குடி. பெரிய முதலாளிகள், பெரிய வலையமைப்புகள் முதலிலேயே வந்து உட்கார்ந்த இடம். அதை ஊர் என்று வைத்துக்கொண்டால் 14க்கு மேலே இருந்தது ஊருக்கு வெளியே. 1952இல் அதைத் திறந்துவிட்டபோது பெரும்பாலான பெட்டிகளில் அந்த எண்கள் எடுக்கவே எடுக்காது. எல்லா எண்களும் எடுக்கும்படிதான் பெட்டி செய்யவேண்டும் என்று 1962இல் சட்டம் போட்டு, 1964இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. விளம்பரக்காரர்கள் எட்டிப் பார்க்காத அந்த இடத்தில் பிந்தி வந்தவர்கள் குடியேறினார்கள்: கல்வி நிலையங்கள், ஸ்பானிய மொழி நிலையங்கள், கறுப்பர்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் கறுப்பர்களுக்குச் சொந்தமான முதல் தொலைக்காட்சி நிலையம் 1975 செப்டம்பரில் டெட்ராய்ட் நகரில் தொடங்கியது. அதற்குக் கிடைத்த எண் 62. இருபது வருஷம் தாக்குப்பிடித்து 1995இல் சி.பி.எஸ். கம்பெனிக்கு விற்கப்பட்டது. அந்த 62ஆம் எண்ணின் அலை இன்று தொலைக்காட்சிக்கே உரியது இல்லை.

1982இல் இன்னொரு வகை வந்தது. குறைந்த சக்தி நிலையம் என்று பெயர். பெரிய நிலையங்களுக்கு இடையில் விட்டுப்போன சந்துகளில் சின்ன ஊர்களும் சின்னச் சமூகங்களும் தங்களுக்கென்று ஒளிபரப்பிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். வியட்நாமியர், கொரியர், ஸ்பானிய மொழிக்காரர் என்று பல சமூகங்களின் மொழி ஒளிபரப்புக்கு இது வழியாயிற்று. மலைப்பகுதிகளில், யூட்டா, மொன்டானா, நியூ மெக்சிகோ போன்ற மாநிலங்களில், தூரத்து நகரத்தின் நிலையத்தை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு மறுஒளிபரப்பிகள் இருந்தன. பல இடங்களில் மாவட்ட நிர்வாகமோ ஊர்க்காரர்களோ கூடி நடத்துவது. ஆனால் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுத்தார்கள்: நீங்கள் இரண்டாம்நிலை. முதல்நிலைக்காரருக்கு இடம் தேவைப்பட்டால் எழுந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கதை நமக்குப் புதுசு இல்லை. 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கியபோது அது யாருக்கும் வேண்டாத தரிசு. மற்றவருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. பக்கத்தில் ரோடு வந்தது, பஸ் ஸ்டாண்டு வந்தது, விலை ஏறியது. நிபந்தனை காகிதத்தில் இருக்க, நிலம் போய்விட்டது. அமெரிக்காவில் 14க்கு மேற்பட்ட எண்கள் அந்தத் தரிசு. கைப்பேசி என்ற பஸ் ஸ்டாண்டு வந்தது.

இனி ஏலத்துக்கு வருவோம். 2012 பிப்ரவரி 22 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, எஃப்.சி.சி. என்னும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு ஒரு புதுவித ஏலம் நடத்த அதிகாரம் கொடுத்தது. ஏலம் இரட்டை ஏலம். ஒரு பக்கம் தொலைக்காட்சி நிலையங்களிடம், உரிமத்தை விட்டுக்கொடுக்க எவ்வளவு வேண்டும் என்று கேட்டு விலையை இறக்கிக்கொண்டே வருவது. மறுபக்கம் கைப்பேசிக் கம்பெனிகளிடம், காலியாகும் அலைக்கு எவ்வளவு தருவாய் என்று கேட்டு விலையை ஏற்றிக்கொண்டே போவது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் வியாபாரம் முடியும்.

2016 மார்ச் 29 அன்று தொடங்கியது. முதலில் 126 மெகாஹெர்ட்ஸைக் காலி செய்வது என்று திட்டம். அதற்கு நிலையங்களுக்குக் கொடுக்கவேண்டிய தொகை 8,642 கோடி டாலர் என்று வந்தது. கம்பெனிகள் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கொடுக்கத் தயாராக இல்லை. 114, 108 என்று இறங்கி நான்காவது சுற்றில் 84 மெகாஹெர்ட்ஸில் முடிந்தது. 2017 ஏப்ரல் 13 அன்று முடிவு வெளியானது. மொத்த வசூல் 1,980 கோடி டாலர். அதில் 1,005 கோடி 175 நிலையங்களுக்கு. 700 கோடிக்கு மேல் அரசின் பற்றாக்குறையைக் குறைக்க. வாங்கியவர்களில் பெரிய கை டி-மொபைல் கம்பெனி. அது மட்டும் ஏறத்தாழ 800 கோடி டாலருக்கு வாங்கியது.

பணம் வாங்கிய 175 நிலையங்களில் 36க்குத் தலா 10 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. ஒற்றை நிலையத்துக்குக் கிடைத்த அதிகபட்சம் 30.4 கோடி. 30 நிலையங்கள் கீழே உள்ள எண்களுக்கு இறங்கிப்போகப் பணம் வாங்கின. மற்றவை தங்கள் அலையை விட்டுக்கொடுத்தன. அவற்றில் பெரும்பாலானவை வேறொரு நிலையத்தின் அலையில் பங்கு வாங்கி ஒண்டிக்கொண்டன. சில நிலையங்கள் அணைந்தே போயின.

இந்த ஏலத்தை நடத்தியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை, “விருப்பத்தின் பேரில்.” யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விற்க விரும்பியவர் விற்றார். சரி. யாருடைய விருப்பம்? உரிமக்காரருடைய விருப்பம். எதை விற்றார்? மக்கள் சொத்தில் தனக்கிருந்த அனுபவ உரிமையை. அந்தச் சொத்தின் சொந்தக்காரன் வீட்டில் உட்கார்ந்து பெட்டி பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் பெட்டியைத் திறந்தால் படம் இல்லை.

சிகாகோவில் நகரக் கல்லூரிகள் நடத்திய டபிள்யூ.ஒய்.சி.சி. என்ற பொதுத் தொலைக்காட்சி இருந்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் படிக்கிற கல்லூரிகள் அவை. ஏறத்தாழ 1.6 கோடி டாலருக்கு அலையை விட்டுக்கொடுத்துவிட்டு 2017 நவம்பரில் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். வாஷிங்டன் பக்கத்தில் வட வர்ஜீனியாவில் இரண்டு பொது நிலையங்கள் பல நாட்டுச் செய்தி ஒளிபரப்புகளைக் காசில்லாமல் ஆன்டெனாவில் கொடுத்துவந்தன. குடியேறி வந்தவர்கள் நிறைந்த பகுதி. 18.2 கோடி டாலருக்கு இரண்டும் போயின. 2018இல் ஒளிபரப்பு நின்றது.

நியூ ஜெர்சி மாநிலம் இன்னும் தெளிவான பாடம். நியூயார்க்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் நடுவில் சிக்கி, தன் ஊர்ச் செய்திக்குப் பெரிய நிலையம் இல்லாமல் தவிக்கிற மாநிலம் அது. மாநில அரசு 2011லேயே தன் பொதுத் தொலைக்காட்சியை வேறொரு அமைப்பிடம் நடத்தக் கொடுத்துவிட்டு உரிமத்தை மட்டும் கையில் வைத்திருந்தது. ஏலத்தில் இரண்டு நிலையங்களின் அலையை விற்று 33.2 கோடி டாலர் வாங்கியது. மக்கள் இயக்கங்கள் கிளம்பின. “இது நம்ம அலை, நம்ம காசு, உள்ளூர்ச் செய்திக்கே திருப்பிக் கொடு” என்று கூட்டம் கூட்டமாகப் பேசி, 10 கோடி டாலர் கேட்டார்கள். 2018இல் உள்ளூர்ச் செய்திக்கென்று ஒரு பொது அமைப்பை உண்டாக்கும் சட்டம் வந்தது. அதற்கு அந்த வருஷ பட்ஜெட்டில் எழுதிய தொகை 50 லட்சம் டாலர். 33.2 கோடியில் 50 லட்சம். நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. இருந்தாலும் இதைத் தோல்வி என்று நான் எழுதமாட்டேன். அலை விற்ற காசில் மக்களுக்குப் பங்கு உண்டு என்ற கோரிக்கையை ஒரு சட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

விற்காமல் நின்றவர்களும் உண்டு. வாஷிங்டனில் கறுப்பர்களின் பழம்பெரும் பல்கலைக்கழகமான ஹோவர்ட் 1980இலிருந்து சொந்தமாக ஒரு பொதுத் தொலைக்காட்சி நிலையம் நடத்திவருகிறது. பல்கலைக்கழகத்துக்குப் பண நெருக்கடி இருந்தது. ஏலத்தில் சேர மனுப்போட்டும் இருந்தது. கடைசியில் விற்கவில்லை. நிலையம் இன்றும் அவர்கள் கையில் இருக்கிறது.

விற்காத நிலையங்களுக்கு என்ன நடந்தது? காலியான அலை அங்கங்கே பொத்தல் பொத்தலாக இருந்தால் கைப்பேசிக் கம்பெனிக்கு உதவாது. ஆகவே மிச்சமிருந்த நிலையங்களைக் கீழ் எண்களுக்குத் தள்ளி நெருக்கி அடுக்கினார்கள். 987 நிலையங்கள் எண் மாறின. பத்துக் கட்டமாக, 2020 ஜூலை 13க்குள் முடிக்கவேண்டும் என்று நாள் குறித்தார்கள். கோபுரம் ஏறி ஆன்டெனா மாற்ற, கருவி மாற்ற 175 கோடி டாலர் ஒதுக்கினார்கள். போதாது என்று 2018இல் இன்னும் 100 கோடி சேர்த்தார்கள்.

முதல்நிலைக்காரருக்குச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. அவர்களுடைய ஒளிபரப்பு எல்லையும் பார்வையாளர் தொகையும் குறையாமல் காக்க முடிந்தவரை முயலவேண்டும் என்று 2012 சட்டத்திலேயே எழுதியிருந்தது. இரண்டாம்நிலைக்காரருக்கு அந்த வரி பொருந்தாது. சாதாரணக் குறைந்த சக்தி நிலையங்களும் மறுஒளிபரப்பிகளும் ஏலத்தில் சேர முடியாது. விற்றுக் காசு வாங்கவும் வழியில்லை, இடத்தைக் காக்கவும் வழியில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து முடித்தபிறகு மிச்சமிருக்கும் இடத்துக்கு 2018 ஏப்ரல் 10 முதல் ஜூன் 1 வரை மனுப்போடலாம் என்றார்கள். நெரிசலான பெருநகரங்களில் மிச்சம் என்ன இருக்கும்? வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2016 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் உங்களைக் காக்கவில்லை என்று சொல்லித் தள்ளிவிட்டது. இடமாற்றச் செலவில் இவர்களுக்கும் கொஞ்சம் உண்டு என்பதே 2018 சட்டத்தில்தான் வந்தது.

பாருங்கள், சின்ன நிலையத்தின் நிகழ்ச்சி தரமில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பார்க்க ஆள் இல்லை என்றும் நிரூபிக்கவில்லை. இரண்டாம்நிலை என்று பிறக்கும்போதே எழுதிவிட்டார்கள், அந்த எழுத்துத்தான் தீர்ப்பு. பிறப்பிலேயே படி குறித்துவிடும் ஏற்பாடு எப்படி வேலை செய்யும் என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

பார்வையாளனுக்கு? 2009இல் டிஜிட்டலுக்கு மாறியபோது, பழைய பெட்டிக்கு மாற்றுக் கருவி வாங்க வீட்டுக்கு இரண்டு கூப்பன், ஒவ்வொன்றும் 40 டாலர் என்று அமெரிக்க அரசு கொடுத்தது. இந்தமுறை அதுவும் இல்லை. “பெட்டியில் மறுபடி அலைவரிசை தேடுங்கள்” என்று விளம்பரம் கொடுத்தார்கள். தேடினால் கிடைத்தவருக்குச் சரி. நிலையம் மிகக் கீழ் எண்ணுக்கு இறங்கியிருந்தால் மேசைமேல் வைக்கும் சின்ன ஆன்டெனா எடுக்காது. வேறொரு நிலையத்தின் கோபுரத்தில் ஒண்டப் போயிருந்தால் பழைய எல்லையில் இருந்த சில ஊர்கள் விட்டுப்போகும். ஆன்டெனாவை மட்டும் நம்பிப் பார்ப்பவர்கள் யார்? மாதாமாதம் கேபிளுக்குக் கட்ட முடியாதவர்கள். அவர்களில் ஏழைகளும் கறுப்பர்களும் ஸ்பானிய மொழி பேசுவோரும் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம்.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்லியாகவேண்டும். மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில் டபிள்யூ.எல்.பி.டி. என்ற நிலையம். கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வாழும் பகுதி. 1955இல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய ஒளிபரப்பில் பேச வந்தபோது, “மன்னிக்கவும், கேபிள் கோளாறு” என்று அட்டையைக் காட்டிப் படத்தை மறைத்த நிலையம் அது. உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று 1964இல் ஐக்கியக் கிறிஸ்து சபையும் உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்களும் மனுக் கொடுத்தார்கள். எஃப்.சி.சி. என்ன சொன்னது தெரியுமா? பார்வையாளருக்கு இங்கே பேச உரிமையே இல்லை என்றது. அலையில் மின் இடையூறு ஏற்பட்ட நிலையமோ, வியாபாரத்தில் நஷ்டப்பட்டவரோதான் வரலாம். வெறுமனே பார்க்கிற சனத்துக்கு என்ன வேலை?

1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உடைத்தது. பார்வையாளருக்கு வழக்காட உரிமை உண்டு என்றது. 1969இல் அந்த உரிமத்தையே ரத்து செய்தது. 1971இல் நிலையத்தை லாபநோக்கற்ற குழு ஒன்று நடத்த எடுத்துக்கொண்டது. 1972இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பர் அதன் பொது மேலாளராக வந்து உட்கார்ந்தார். உரிமம் என்பது முதலாளியின் பூர்விகச் சொத்து இல்லை, சனங்கள் கேட்டால் போகும் என்று காட்டிய போராட்டம் அது.

1966இல் கஷ்டப்பட்டு உள்ளே வந்த பார்வையாளர், சரியாக ஐம்பது வருஷம் கழித்து 2016 ஏலத்தில் எங்கே இருந்தார்? ஏல அறையில் இரண்டே தரப்பு: விற்பவர், வாங்குபவர். நடுவில் அரசு. மறுபடியும் பழைய விதிதான்: வியாபாரத்தில் பங்கு உள்ளவனுக்குத்தான் பேச்சு. நிலையத்தை நிறவெறிக்காரன் நடத்தினால் எதிர்த்து மனுப் போடலாம். நிலையமே விலைபோனால் யாரிடம் போடுவது? ஏலம் வந்ததால் அந்தப் பழைய வெற்றி சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்துகொண்டே செல்லாக்காசாகிவிட்டது. இந்தத் தலையங்கத்தில் நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

“அப்போ கைப்பேசி வேண்டாமா? ஏழைக்கும் போன்தானே இன்னைக்கு எல்லாம்?” என்று சில மாணவத் தோழர்கள் கேட்பீர்கள். வேண்டும். குடிசையில் இருக்கும் பிள்ளை பாடம் படிப்பதும், ஊரில் அடித்தால் உடனே படம் பிடித்து வெளியே அனுப்புவதும் அந்தப் போனில்தான். டி-மொபைல் அந்த 600 மெகாஹெர்ட்ஸைக் கொண்டு 2019 டிசம்பரில் நாடு தழுவிய 5ஜி கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே பொருள் இல்லை. ஆன்டெனாவுக்கு மாதக் கட்டணம் கிடையாது. யார் என்ன பார்த்தார் என்று கம்பெனி கணக்கெடுக்காது. 2017 செப்டம்பரில் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவை அடித்தபோது அந்தத் தீவின் கைப்பேசிக் கோபுரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் செத்துப்போயின. சனங்களுக்கு வெளியுலகச் சேதி சொன்னது தாக்குப்பிடித்த வானொலிதான். அலையைப் பிரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிக்கும்போது கூடத்தில் யார் இருக்கவேண்டும் என்று கேட்கிறேன்.

சரி, இப்போது நம்ம பக்கம் வருவோம்.

1995 பிப்ரவரி 9 அன்று, வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் நமது உச்ச நீதிமன்றம், அலைகள் பொதுச் சொத்து என்று சொன்னது. அரசின் ஏகபோகமும் கூடாது, தனியார் ஏகபோகமும் ஆபத்து, பொதுநலனுக்காகப் பொது அமைப்பு ஒன்று நெறிப்படுத்தவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பிறகு நடந்தது என்ன? வானத்துச் செயற்கைக்கோள் வழியாகத் தனியார் அலைவரிசைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. தரையிலிருந்து ஆன்டெனாவுக்கு வரும் தொலைக்காட்சி மட்டும் தூர்தர்ஷன் கையிலேயே இருந்தது. ஒரு ஊரோ ஒரு சமூகமோ தனக்கென்று தரைவழித் தொலைக்காட்சி நடத்த இந்த நாட்டில் உரிமமே கிடையாது. அமெரிக்காவில் இரண்டாம்நிலை என்று ஒரு நாற்காலியாவது போட்டார்கள். இங்கே நாற்காலியே இல்லை.

2021 அக்டோபரில் பிரசார் பாரதி ஓர் அறிவிப்புக் கொடுத்தது: பழைய அனலாக் ஒளிபரப்பிகளை, முக்கிய எல்லைப்பகுதிகள் போன்ற இடங்களில் ஏறத்தாழ 50 தவிர, 2022 மார்ச் 31க்குள் மூடிவிடுவோம். மின்சாரச் செலவு மிச்சம், 5ஜி போன்றவற்றுக்கு அலை கிடைக்கும் என்று காரணம் சொன்னார்கள். ஆன்டெனாவில் பார்ப்பவர் அதற்குள் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் மூடும்போது காலியாகும் அலையில் உள்ளூருக்கு என்ன என்று யாராவது கேட்டார்களா? கட்டணமில்லாத டிஷ் இருக்கிறதே என்பார்கள். அது நாடு முழுக்க ஒரே பெட்டகத்தைக் காட்டும். அதில் தனியார் அலைவரிசைக்கு இடம் ஏலத்தில்தான் கிடைக்கும். ஒரு தாலுகாவின் குரலுக்கு அதில் ஏது இடம்?

பல நாடுகளில் தொலைக்காட்சிக்கு இருந்து பறிபோன அதே 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2016இல் இங்கே ஏலம் விட்டபோது வாங்க ஆள் வரவில்லை. 2022இல் ஜியோ 22 வட்டங்களிலும் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. அந்தப் பட்டைக்கு மட்டும் 39,270 கோடி ரூபாய். அதே ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸும் வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. வாங்க ஆளில்லாமல் கிடக்கும் அலையில் ஒரு துண்டைச் சமூகத் தொலைக்காட்சிக்குக் கொடு என்று கேட்பதற்கும் நம்மில் ஆளில்லை. கேட்கலாம் என்பதே நமக்குத் தெரியவில்லை.

“பொதுச் சொத்தை ஏலம்தான் விடவேண்டும், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது” என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களை ரத்து செய்த தீர்ப்பை வைத்துச் சொல்வது அது. அதே வருஷம் செப்டம்பர் 27 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது: இயற்கை வளங்களைப் பகிர்ந்தளிக்க ஏலம் ஒன்றே வழி என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்லவில்லை, பொதுநலன்தான் அளவுகோல். இதை யாரும் நமக்கு உரக்கப் படித்துக் காட்டுவதில்லை. நாமே படித்துக்கொள்ள வேண்டும்.

முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு சேதி. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் மாச்சனூர் கிராமத்தில், நிலம் உழுது பிழைக்கும் தலித் பெண்கள் நடத்தும் வானொலி இருக்கிறது. சங்கம் ரேடியோ என்று பெயர். 1990களின் கடைசியிலேயே கருவி வந்துவிட்டது, உரிமம் வரவில்லை. பதிவு செய்த நாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுக்கொண்டே காத்திருந்தார்கள். 2006இல் சமூக வானொலிக் கொள்கை வந்தபின் 2008 அக்டோபர் 15 அன்று காற்றில் ஏறினார்கள். விதையும் பண்டிகையும் மருந்தும் அவர்கள் பேச்சிலேயே ஒலிக்கிறது. இவ்வளவும் 100 வாட் சக்திக்குள். ஆனால் இன்றுவரை எந்தச் சமூக வானொலியும் தானாகச் சேகரித்த செய்தியை வாசிக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் எடுத்துப் போடலாம். பக்கத்துத் தெருவில் நடந்ததைப் பக்கத்துத் தெருக்காரி செய்தியாகச் சொன்னால் குற்றம். அலை கொடுத்தாலும் வாயைக் கட்டித்தான் கொடுக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்கவேண்டியது நான்கு. எந்த அலைப் பட்டையைக் கைமாற்றும்போதும் அதில் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிற சனங்களை, அவர்கள் ஊரிலேயே, அவர்கள் மொழியிலேயே விசாரிக்கவேண்டும். விற்ற காசில் ஒரு பங்கு உள்ளூர்க் குரலுக்கென்று சட்டமாகவே ஒதுக்கவேண்டும். காலியாகும் பட்டையில் ஒரு துண்டு சமூகத் தொலைக்காட்சிக்கு வேண்டும். அதுவும் விலை ஏறினதும் எழுப்பிவிடும் இரண்டாம்நிலையாக இருக்கக் கூடாது. சமூக வானொலிக்குச் செய்தி சொல்லும் உரிமை வேண்டும்.

டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒவ்வொரு ஏலத்துக்கும் முன்னால் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், பதில் எழுதுவது பெரும்பாலும் கம்பெனிகள். பொறியியலும் சட்டமும் படிக்கும் மாணவத் தோழர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து அடுத்த அறிக்கையைத் தமிழில் சுருக்கித் தாருங்கள். இவ்விதழில் போடுகிறோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கிளைக் கூட்டங்களில் பேசி, கையெழுத்து வாங்கி, பதிலை நாமே அனுப்புவோம். ஜாக்சன் நகரத்துக்காரர்களுக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. நமக்குக் கூடவே ஆகலாம். மாறுபட்ட கருத்து உள்ளவர்களும் எழுதுங்கள், விவாதிப்போம்.

தோழமையுடன்,
ஆசிரியர்